வழுக் காண்போம் – ஆங்கிலத்திலும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஆங்கில வாக்கியப் பிழைகளைப் பற்றி எழுதப் புகுவது முறைதானா என்று சான்றோர் சிலர் வினவக்கூடும். முறையே என்பது நம் கருத்து. அதனினும் ஒருபடி மேலே சென்று, அப்பிழைகளைக் கண்டறியக் கற்பிக்கும் பொறுப்பில் பாதி தமிழ்த்துறையையே சாரும் என்றும் துணிந்து கூறுவோம். கூறியபின் காரணம் காட்டாது விடுதல் அறமன்று; ஆதலின் இக்கட்டுரை.

நம் கல்லூரிக்கு நயினார்கோவில் ஒன்றியத்துச் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவ மாணவியரை எண்ணிப் பார்ப்போம். கண்மாய் நீரையும் வானத்தையும் நம்பி நெல்லும் பருத்தியும் மிளகாயும் விளைவிக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்களுட் பலர் தத்தம் வீட்டின் முதற் பட்டதாரிகள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றவர்கள். 2018ஆம் ஆண்டில் நடுவணரசின் நிதி ஆயோக் நாடெங்கும் முன்னேற விழையும் மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது, தமிழகத்திலிருந்து அதில் இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகருமே. பெருந்தொழில்கள் அரிதாகிய இம்மாவட்டத்தில் அரசுப்பணியும் வங்கிப்பணியுமே ஒரு குடும்பம் கரையேறும் தோணியாக விளங்குகின்றன. அத்தோணியில் ஏறுமிடத்தில் குறுக்கே கிடக்கும் கட்டை ஒன்று உண்டு. அதுதான் 'பிழையைக் கண்டறிக' என்னும் ஆங்கில வினா.

அவ்வினாவின் அமைப்பு யாவரும் அறிந்ததே. ஓர் ஆங்கில வாக்கியத்தை மூன்று அல்லது நான்கு துண்டுகளாக வெட்டிக் கொடுப்பர். எத்துண்டில் பிழை உளது என்று காட்டவேண்டும். எங்கும் பிழையில்லையெனின் 'பிழையில்லை' என்னும் விடையைத் தேர்தல் வேண்டும். வங்கி எழுத்தர் பணிக்கான முதனிலைத் தேர்வில் ஆங்கிலப் பகுதிக்கு 30 வினாக்கள், 20 நிமிடங்கள். கணக்கிட்டால் ஒரு வினாவுக்கு 40 நொடி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. நடுவணரசின் பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் தேர்வின் முதற்கட்டத்திலோ 200 மதிப்பெண்ணில் 50 ஆங்கிலத்திற்கு உரியது. தமிழ்நாட்டுத் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில், 2021 இறுதியில் வந்த அரசாணைக்குப் பின், பொது ஆங்கிலத்தின் இடத்தைத் தமிழ்த் தகுதித் தாள் பெற்றுவிட்டது. இருப்புப்பாதைத் துறையின் தொழில்நுட்பம் சாராப் பணிகளுக்கான தேர்வில் ஆங்கிலப் பகுதியே இல்லை. இவ்விரண்டையும் நம் மாணவர்கள் நன்கு பயன்படுத்திக்கொள்ளல் வேண்டும். எனினும் வங்கியின் வாயிலும் நடுவணரசு அலுவலகங்களின் வாயிலும் ஆங்கிலப் பூட்டோடுதான் இருக்கின்றன.

பூட்டைத் திறக்க நம் மாணவர் என் செய்கின்றனர்? கடைவீதியில் 'நூறு விதிகள்' என்னும் வழிகாட்டி நூலொன்றை வாங்கி, விதிகளை மனப்பாடம் செய்கின்றனர். முப்பதாம் விதியைப் படிக்கும்போது மூன்றாம் விதி மறந்துபோகிறது. அதனினும் பெருங்கேடு ஒன்று உண்டு. இத்தகைய நூல்களில் அச்சாகியிருப்பவற்றுட் பாதி பிழையான வாக்கியங்கள். நல்ல ஆங்கிலத்தைப் போதிய அளவு படித்தறியாத பிள்ளை, பிழையான ஆங்கிலத்தை நாள்தோறும் படித்து, அதுவே செவிக்குப் பழகி, ஈற்றில் எது சரி எது பிழை என்று தெளியமாட்டாமல் திகைக்கிறது. நெல்லை அறியாதவனிடம் களையை மட்டும் காட்டிக் களைபறிக்கச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

இவ்விடத்தில்தான் தமிழ்த்துறை வாய் திறத்தல் வேண்டும். பிழை காணும் கலை தமிழ் மாணவனுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் எதைப் பேசுகிறது? வழுவற்ற வாக்கியம் எது, வழுவுடையது எது, வழுவாயினும் அமைத்துக்கொள்ளத் தக்கது எது என்பதையே பேசுகிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் வழுக்களைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுத்தார். நூறு விதிகளைச் சுமந்து திரியும் மாணவனின் கையில் இவ்வேழு பெட்டிகளைக் கொடுத்துப் பாருங்கள். ஆங்கிலப் பிழைகளுட் பெரும்பாலானவை எளிதில் ஒவ்வொரு பெட்டிக்குள் அடங்கும்.

தேர்வுகளில் மீண்டும் மீண்டும் வரும் வாக்கியம் ஒன்றைக் காண்போம். 'ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹேவ் கம்.' ஆங்கில விதியை அறியாதவனுக்கு 'பாய்ஸ்' பன்மை, 'ஹேவ்' பன்மை, எனவே சரியென்றே தோன்றும். இதனையே தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். 'சிறுவர்களுள் ஒருவன் வந்திருக்கிறார்கள்' என்று நம் ஒன்றியத்தில் ஆடு மேய்க்கும் பிள்ளையும் சொல்லமாட்டான். எழுவாய் 'ஒருவன்', அவனுக்கு ஏற்ற முடிபு 'வந்திருக்கிறான்'. ஆங்கிலத்திலும் எழுவாய் 'ஒன்', முடிபு 'ஹேஸ்'. இது பால்வழு. விதி எண் தேவையில்லை. பயனிலையை முதலிற் கண்டு, அதற்குரிய எழுவாயைத் தேடிச் செல்லும் பழக்கம் ஒன்றே போதும். அப்பழக்கத்தை எட்டாம் வகுப்புத் தமிழாசிரியர் அவனுக்கு முன்பே கொடுத்திருக்கிறார். 'தி காஸ்ட் ஆஃப் தி நெட்ஸ் ஆர் ஹை' என்பதும் இவ்வினத்ததே. உயர்ந்திருப்பது விலையேயன்றி வலைகள் அல்ல. (நாளிதழ்களில் 'வலைகளின் விலை உயர்ந்தன' என்று தமிழிலேயே எழுதுவாரும் உளர். அவர்கள் இரு மொழிக்கும் ஒருசேரத் தீங்கிழைப்பவர்கள்.)

பெயரின் ஒருமை பன்மையில் ஒரு நுட்பம் உண்டு. நம் மாணவர் 'டென் புக்' என்று எழுதுவது அறியாமையால் அன்று. 'பத்துப் புத்தகம்' என்பது தமிழில் பிழையற்ற வழக்கு. அஃறிணைப் பெயர் 'கள்' பெறாமலே பன்மையையும் உணர்த்தும். 'மாடு வந்தது' எனின் ஒன்று. 'மாடு வந்தன' எனின் பல. இதனைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர் நம் இலக்கணத்தார். ஆங்கிலத்தில் இச்சலுகை 'ஷீப்', 'டீர்' போன்ற சில சொற்களுக்கே உண்டு; ஏனையவை பன்மை விகுதி பெற்றே தீரும். மறுதலையாக, அறிவுரைகள், செய்திகள், தகவல்கள் என்று நாம் தாராளமாக எண்ணும் பொருள்களை ஆங்கிலம் எண்ணுவதில்லை. 'அட்வைஸஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என்பன தேர்வாளர் விரும்பி வைக்கும் கண்ணிகள்.

மரியாதைப் பன்மை இன்னொரு கண்ணி. 'தி ஹெட்மாஸ்டர் ஹேவ் கம்' என்று ஒரு மாணவன் எழுதினால் நகைப்பவர் பலர். அவன் தன் பண்பாட்டை ஆங்கிலத்திலும் கொண்டுசெல்கிறான் என்பதை உணர்வார் சிலரே. 'தலைமையாசிரியர் வந்தார்' என்பதில் ஆள் ஒருவர், முடிபோ பலர்பாலுக்குரியது. ஒருவரைப் பன்மையாற் கூறும் இவ்வழக்கைத் தொல்காப்பியம் வழக்கில் உள்ளதென ஏற்று, இலக்கண நெறிப்பட்டதன்று என்று தனியே குறித்து வைத்தது. நயினார்கோவில் என்னும் ஊர்ப்பெயரிலேயே இவ்வழக்கு குடிகொண்டிருக்கிறது. நயினார் என்பது தலைவரைச் சுட்டும் மதிப்புச் சொல். இக்கரையில் முஸ்லிம் பெருமக்களின் பெயர்களிலும் வழங்குவது. பேச்சிழந்திருந்த முஸ்லிம் சிறுமி ஒருத்தி நாகநாதர் சன்னிதியில் வாய் திறந்து முதன்முதல் உரைத்த சொல் அது என்றும், ஊர்ப்பெயர் அதனால் வந்ததென்றும் அவ்வூர் மரபு கூறும். பேசாத பிள்ளை பேசியபோது, சொன்ன சொல் ஒருமையோ பன்மையோ என்று அங்கு எவரும் ஆராய்ந்ததாக அம்மரபில் இல்லை!

ஆங்கிலம் இம்மரியாதைப் பன்மையை அறியாத மொழியன்று என்பதும் நம் பிள்ளைகள் அறியத்தக்கது. ஒருவரை விளிக்கும் 'யூ' என்பது முற்காலத்தில் பன்மைச் சொல். ஒருமைக்கு 'தௌ' என்பது தனியே இருந்தது. மதிப்புக் கருதி ஒருவரையும் 'யூ' என விளித்து விளித்து, ஒருமைச் சொல்லே பொதுவழக்கிலிருந்து மறைந்தது. அதனால்தான் ஒருவரே முன்னிற்பினும் 'யூ ஆர்' என்று பன்மை வினை வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஒருவரை நோக்கி 'யூ வாஸ்' என்று ஆங்கிலேயர் பலர் பேசினர், எழுதினர். 1762இல் ஆங்கில இலக்கணம் எழுதிய இராபர்ட் லௌத் என்பார் அதனைக் கடும்பிழை என்று விலக்கினார். இந்த லௌத் பின்னாளில் இலண்டனின் பேராயராக விளங்கியவர். தம் நூலில் ஷேக்ஸ்பியர், மில்டன் முதலிய பெரும்புலவர்களிடமிருந்தும் விவிலிய மொழிபெயர்ப்பிலிருந்தும் பிழைகளை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஷேக்ஸ்பியரே தப்பவில்லையெனில் நம் மாணவர் தலைகுனிய என்ன இருக்கிறது? பிழையான வாக்கியத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் பயிற்சியும் ஆங்கிலேயர் தம் சொந்தப் பிள்ளைகளுக்காக ஏற்படுத்தியதே. அந்நூற்றாண்டின் நடுவில் ஆன் ஃபிஷர் என்னும் அம்மையார் தம் இலக்கண நூலில் அதனைப் புகுத்தினார். 1795இல் இலக்கணம் வெளியிட்ட லிண்ட்லி மரே அதற்கெனத் தனிப் பயிற்சி நூலே வகுத்தார். தாய்மொழியாளருக்கே இப்பயிற்சி வேண்டியிருந்தது.

இனி வேற்றுமையைப் பார்ப்போம். தொல்காப்பியர் வேற்றுமைக்கு ஓர் இயலும், வேற்றுமைகள் ஒன்றோடொன்று மயங்குவதற்குத் தனியே ஓர் இயலும் வகுத்தார். ஆங்கிலத்தின் முன்னிடைச் சொற்களில் நம் மாணவர் தடுமாறுவது இம்மயக்கத்தினாலேயே. 'வீ டிஸ்கஸ்டு அபௌட் தி ப்ராப்ளம்' என்பதில் 'அபௌட்' எங்கிருந்து வந்தது? 'சிக்கலைப் பற்றிப் பேசினோம்' என்னும் தமிழிலிருந்து வந்தது. 'சிக்கலை விவாதித்தோம்' என்று இரண்டாம் வேற்றுமையில் நினைத்திருந்தால் 'அபௌட்' வந்திராது. 'ஹி ரீச்ட் டு இராமநாதபுரம்' என்பதும் அத்தகையதே. 'இராமநாதபுரத்தை அடைந்தான்' என ஐயுருபு கொண்டு நினைத்தால் 'டு' தானே விழுந்துவிடும். 'அவரைவிட மூத்தவர்' என்னும் நினைவு 'சீனியர் தேன் ஹிம்' என்று எழுதச் செய்கிறது. ஆங்கிலம் அங்கே 'டு' என்பதையே வேண்டும். இதற்குத் தமிழில் துணையில்லை. மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டியதே.

'ஏ', 'ஆன்', 'தி' ஆகிய மூன்றும் நம்மவர்க்கு என்றும் தலைவலி. தமிழில் இவற்றுக்கு நிகர் இல்லை என்று பாடநூல்கள் எழுதிவிட்டு நகர்கின்றன. முழுதும் உண்மையன்று. 'மீன் வாங்கினான்' என்பதற்கும் 'மீனை வாங்கினான்' என்பதற்கும் வேறுபாடு இல்லையா? முன்னது ஏதோ மீன். பின்னது முன்பே பேசப்பட்ட, இருவரும் அறிந்த அந்த மீன். செயப்படுபொருள் அஃறிணையாய் வருமிடத்து, ஐயுருபு விரிந்து நிற்கத் தோன்றும் பொருள் பெரும்பாலும் 'தி' வருமிடம். உருபு தொக்கு நிற்க வேறொரு பொருள். எழுவாயில் இவ்வளவை செல்லாது எனினும், 'தி' என்பது எதை உணர்த்துகிறது என்று விளங்கவைக்க இதைவிட எளிய வழி வேறில்லை. 'ஏ', 'ஆன்' வேறுபாடோ நமக்குப் பழகிய 'ஒரு', 'ஓர்' வேறுபாடே. ஒரு மரம், ஓர் ஊர். ஏ ட்ரீ, ஆன் ஆப்பிள். ஆங்கிலச் சொல்லை ஒலிக்கும் வண்ணம் தமிழில் எழுதிப் பார்த்தால், முதலெழுத்து உயிராயின் 'ஆன்', உயிர்மெய்யாயின் 'ஏ'. 'எம்.எல்.ஏ.' என்பது எகரத்தில் தொடங்குவதால் 'ஆன் எம்.எல்.ஏ.'; 'யூனிவர்சிட்டி' யகர உயிர்மெய்யில் தொடங்குவதால் 'ஏ யூனிவர்சிட்டி'. 'ஒன்' என்று நாம் எழுதுவது ஆங்கிலேயர் வாயில் 'வன்' என ஒலிப்பதால் 'ஏ ஒன் ருப்பீ நோட்'. ஆங்கில நெடுங்கணக்கைக் கொண்டு விளக்கினால் விதிவிலக்காகத் தோன்றுபவை, தமிழ் நெடுங்கணக்கைக் கொண்டு நோக்கினால் விதியாகிவிடுகின்றன.

காலவழுவில் தமிழ் சில இடங்களில் கைகொடுக்கும். சில இடங்களில் காலை வாரிவிடும். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டும் மயங்குவது யாவரும் அறிந்தது. தமிழில் '2019இலிருந்து' என்போம். 'ஐந்து ஆண்டுகளாக' என்போம். 'இருந்து' வருமிடம் 'சின்ஸ்'. 'ஆக' வருமிடம் 'ஃபார்'. 'ஐந்து ஆண்டுகளிலிருந்து' என்று யாரும் சொல்வதில்லை. 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பதும் அதுபோற் பிழையே. ஆனால் அதே வாக்கியத்தின் வினையில் தமிழ் வழிதவறச் செய்யும். '2019இலிருந்து இங்கே வாழ்கிறேன்' என்பது நமக்கு இயல்பு. 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2019' என்பது தேர்வில் பிழை. 'ஹேவ் பீன் லிவிங்' என்று எழுதல் வேண்டும். அவ்வாறே 'நேற்று அவனைப் பார்த்திருக்கிறேன்' என்று நாம் தடையின்றிச் சொல்வோம். 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்று ஆங்கிலேயர் சொல்லார். 'நேற்று' என்று காலத்தை வரையறுத்துவிட்டால் 'ஐ சா ஹிம்' என்பதே அவர்தம் மரபு.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நாட் நோயிங்', 'ஐ ஆம் லைக்கிங் திஸ்' என்பவை நாடெங்கும் எள்ளப்படும் வாக்கியங்கள். எவ்வினைகள் 'இங்' ஏற்கா என்று வழிகாட்டி நூல்கள் நீண்டதொரு பட்டியலைத் தருகின்றன. நாம் ஒரு குறுக்குவழி சொல்வோம். தமிழில் 'நான்' என்று தொடங்காமல் 'எனக்கு' என்று தொடங்கும் வினைகளை எண்ணிப் பாருங்கள்: எனக்குத் தெரியும், எனக்குப் புரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்கு நினைவிருக்கிறது, எனக்கு இரண்டு அண்ணன்மார் இருக்கின்றனர். இவற்றுக்கு நேரான ஆங்கில வினைகள் நோ, அண்டர்ஸ்டேண்ட், லைக், வான்ட், ரிமெம்பர், ஹேவ். இவை பெரும்பாலும் 'இங்' ஏற்பதில்லை. 'ஹேவ்' என்பதே 'உண்ணுதல்' என்னும் பொருளில் வரும்போது 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரியாகிவிடுகிறது. அங்கே தமிழிலும் 'நான் உண்கிறேன்' என்று 'நான்' வந்துவிட்டதைக் காண்க. நாம் வலிந்து செய்வனவும் நம்மிடத்துத் தாமே நிகழ்வனவும் வேறென்று இரு மொழியும் உணர்ந்திருக்கின்றன. உணர்த்தும் முறைதான் வேறு.

வினாவழுவும் விடைவழுவும் பற்றி இரண்டொரு சொல். 'அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை' என்பதில் வினா அவ்வாறே உள்ளே அடங்கிவிடும். ஆங்கிலத்தில் உள்ளடங்கிய வினா தன் வினாவடிவை இழக்கும். 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' பிழை, 'வேர் ஹி இஸ்' சரி. 'நீ போகவில்லையா?' என்று வினவினால் 'ஆமாம், போகவில்லை' என்கிறோம். வினவியவர் எண்ணத்தை ஆமோதிப்பது நம் முறை. ஆங்கிலேயரோ போகாமைக்கு 'நோ' என்றே விடை சொல்வர். நேர்முகத் தேர்வில் நம் மாணவர் பணிவோடு 'எஸ்' என்று சொல்லித் தாம் கருதியதற்கு மாறான பொருளை உணர்த்திவிட்டு வருவது இதனால்தான்.

மரபுவழு கடல் போன்றது. அதில் இறங்கினால் இம்மலர் முழுதும் போதாது. 'ஹெட் பாத்', 'ரிட்டர்ன் பேக்', 'கோப் அப் வித்' என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மரபைப் படித்தே அறியமுடியும், விதியால் அறியமுடியாது. யானைக்கன்று என்பதும் குதிரைக்குட்டி என்பதும் எவ்விதியால் வந்தன?

ஆயினும் வழுவைப் பற்றிப் பேசுகிறவர் வழுவமைதியையும் பேசவேண்டும். நம் வீட்டுப் பசுவைச் செல்வி என்று பெயரிட்டு 'செல்வி வந்தாள்' என்போம், அது திணைவழுவமைதி. ஆங்கிலேய மாலுமிகள் கப்பலை 'ஷி' என்பதும் அஃதே. படகுக்குப் பெண்பெயர் சூட்டும் வழக்கத்தை அறிந்த நம் கடற்கரை மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? 'நாளை ஆறு மணிக்கு வண்டி புறப்படுகிறது' என்று எதிர்காலத்தை நிகழ்காலத்தாற் சொல்வதும் இருமொழிக்கும் பொது. மேலும் நேற்றைய வழு இன்றைய வழக்காவதும் உண்டு. நாள் முன்கூட்டி வைப்பதற்கு இந்தியர் வழங்கும் 'ப்ரிபோன்' என்னும் சொல்லை ஒரு காலத்தில் எள்ளாதார் இல்லை. இன்று அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறியிருக்கிறது. தேர்வுத் தாள்களோ ஆங்கிலேயரே கைவிட்ட சில கட்டுப்பாடுகளை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தேர்வெழுதும் மாணவன் தாளை வகுத்தவர் விரும்பும் விடையைத் தருவதே அறிவுடைமை. ஆயின் அத்தாள்தான் மொழியின் எல்லை என்று அவன் நம்பிவிடலாகாது.

ஆங்கிலத்துறை நண்பர்கள் ஒரு தடை எழுப்புவர். தமிழின்வழி ஆங்கிலத்தைக் கற்பித்தால் மாணவன் என்றும் தமிழிலேயே நினைத்து மொழிபெயர்த்துக்கொண்டிருப்பான், ஆங்கிலத்தில் நினைக்கப் பழகான் என்பது அவர்கள் கூற்று. பேச்சுக்கு அது பொருந்தும், நாம் மறுக்கவில்லை. ஆனால் இருபது வயது வரை தமிழில் நினைத்த ஒருவனை, நினைப்பதை நிறுத்திவிட்டு வா என்று வாயிலில் நிறுத்துவது நடக்கும் செயலா? அவன் மொழிபெயர்த்தே தீருவான். எங்கே அது துணைசெய்யும், எங்கே வழிதவறச் செய்யும் என்று காட்டிக்கொடுப்பதே ஆசிரியர் கடமை. அதைக் காட்ட இரண்டு இலக்கணமும் தெரிந்திருத்தல் வேண்டும்.

வேற்றுமொழியாளன் என்பது குறையன்று என்பதற்கு நம் சமுதாயத்து மூத்தோர் நன்கறிந்த சான்று உண்டு. அரபு இலக்கணம் தோன்றியதே 'லஹ்ன்' எனப்படும் பேச்சு வழுவைக் கண்டு அஞ்சியதனால் என்பர். 7ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீயிடம் அவர் மகள் வானத்தின் அழகை வியந்து ஒரு சொற்றொடர் கூற எண்ணி, ஓர் உயிரொலியை மாற்றிச் சொல்ல, வியப்பு வினாவாகிவிட்டது. தந்தையும் வினாவென்றே கொண்டு, வானத்தில் மிக அழகியவை விண்மீன்கள் என்று விடையளித்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அடுத்த நூற்றாண்டில் வந்த சீபவைஹ் பாரசீகர். ஹதீஸ் பாடம் கேட்கும் அவையில் ஒரு பெயரின் வேற்றுமையை அவர் மாற்றி ஒலித்தபோது ஆசிரியர் அவரைத் திருத்தினார் என்றும், இனி எவரும் தம்மிடம் வழுக் காணாதபடி ஒரு கலையைக் கற்பேன் என்று அவர் சூளுரைத்தார் என்றும் கூறுவர். அவர் எழுதிய 'அல்கிதாப்' அரபு இலக்கணத்தின் தலைநூலாக இன்றும் நிற்கிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஏழு பெருந்தொகுதிகளில் ஆங்கில இலக்கணம் வகுத்த ஆட்டோ எஸ்பெர்சன் டென்மார்க்கு நாட்டவர். ஆங்கிலத்தின் பொதுப்பிழைகளைத் தொகுத்துத் தலைமுறைகளுக்குப் பயன்பட்ட சிறுநூலை 1936இல் எழுதிய ஃபிடிகைட்ஸ் சைப்பிரஸ் தீவின் பள்ளியாசிரியர். தமிழுக்குத் தொன்னூல் விளக்கம் தந்த வீரமாமுனிவர் இத்தாலியர் அல்லரோ? தாய்மொழியாளன் கண்ணுக்குப் புலப்படாத மூட்டுவாய்கள் புறத்திருந்து வருபவன் கைக்குத் தட்டுப்படுகின்றன.

ஆங்கிலக் கல்வியும் இம்மண்ணுக்கு நேற்று வந்ததன்று. மெக்காலே 1835இல் தம் குறிப்பை எழுதுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1785ஆம் ஆண்டை ஒட்டி, தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் ஆங்கிலப் பள்ளிகளை நிறுவ முயன்றார் சுவார்ட்ஸ் பாதிரியார். அவர் பெயர் தாங்கிய இராமநாதபுரம் உயர்நிலைப் பள்ளியில்தான் இராமேசுவரத்துச் சிறுவர் அப்துல் கலாம் பயின்றார். கொழும்பிலும் பினாங்கிலும் கடை நடத்திய நம் கரையின் முன்னோர் பலர் பள்ளிக்கே செல்லாமல் ஆங்கிலம் பேசினர். அவர்கள் பேச்சில் வழு மலிந்திருந்திருக்கலாம். பேரேட்டில் வழு இருந்ததில்லை. பிழையுண்டே என்று அவர்கள் வாய் மூடியிருந்தால் கடை மூடியிருக்கும்.

நாம் அஞ்சுவது அவ்வாய்மூடலைத்தான். பிழை காண்பது வேறு, பிழை செய்தவரைக் காண்பது வேறு. வகுப்பில் எழுந்து ஒரு வாக்கியம் சொன்ன பெண்ணைப் பார்த்துப் பின்வரிசை நகைத்தால், அப்பெண் அப்பருவம் முழுதும் எழுவதில்லை. அந்நகைப்புக்கு ஆசிரியரும் துணைபோகும் வகுப்பறைகள் உண்டென்பதை மறைத்துப் பயனில்லை. வாய் மூடியவளின் வழுவை எவ்வாறு காண்பது? காணாத வழுவை எவ்வாறு திருத்துவது?

ஆதலின் நம் வேண்டுகோள் சிறிது. தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் கிழமைக்கு ஒரு மணி நேரம் ஒரே அறையில் அமரட்டும். வழிகாட்டி நூல்களை வெளியே வைத்துவிட்டு, மாணவர் தாமே எழுதிய வாக்கியங்களைப் பெயர் நீக்கிக் கரும்பலகையில் எழுதட்டும். தமிழகத்துப் பிள்ளைகள் அனைவரும் மனப்பாடமாய் எழுதும் விடுப்பு விண்ணப்பம் வேண்டா; அதில் பிழையே இராது, ஏனெனில் அது அவர்கள் எழுதியதன்று. நேற்று என்ன செய்தாய், உன் ஊர்க் கண்மாயில் நீர் உண்டா, அண்ணன் எந்நாட்டில் இருக்கிறார் என்று கேட்டு எழுதச் செய்யட்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் தமிழாசிரியர் ஏழு வழுக்களுள் எதில் அடங்கும் என்று கேட்கட்டும். பின்னர் ஆங்கில ஆசிரியர் தம் மரபைச் சொல்லட்டும். சமுதாயப் பெரியோர் இதற்கென நிதி ஏதும் ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு கரும்பலகையும் இரண்டு நாற்காலிகளும் இருக்கின்றன.

அவ்வகுப்பில் எழுதத் தக்க வாக்கியம் ஒன்றையும் இங்கே தருகிறோம். 'நெய்தர் தி ஓனர் நார் தி ஃபிஷர்மென் வாஸ் ஆன் தி போட்.' தமிழாசிரியர் வழக்கம்போல் இதனைத் தமிழாக்குவார்: 'உரிமையாளரோ மீனவர்களோ படகில் இல்லை.' ஆக்கியபின் திகைத்து நிற்பார். ஏனெனில் தமிழின் 'இல்லை' திணை, பால், எண், இடம் அனைத்தையும் ஒரே சொல்லில் கடந்துவிடும். வாஸ் என்பதா, வேர் என்பதா என்று அது ஒன்றும் சொல்லாது. 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' வாக்கியத்தில் வினையை ஒட்டி நிற்கும் பெயரைப் பார்க்காதே என்று கற்றோம். இங்கே வினைக்கு அண்மையில் நிற்கும் பெயரையே பார்க்கவேண்டும் என்கின்றன தேர்வு நூல்கள். ஏன் இவ்வாறு என்பதை ஆங்கிலத்துறை நண்பரே எழுந்து கூறியாகவேண்டும்.